தன் உடம்பில் முதல் ஊசி

இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. வாசற்கதவை யாரோ தட்டுகிறார்கள். திறந்து பார்த்தால், முன்பின் தெரியாத இருவர். வீட்டில் உள்ள எல்லோரும் விரலை நீட்ட வேண்டுமாம். ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் வேண்டுமாம்.

நீங்கள் கொடுப்பீர்களா?

நம் புதுச்சேரியில் இது நடந்தது. யானைக்கால் நோயின் கிருமி பகலில் சுலபமாக அகப்படாது. இரவில்தான் ரத்தத்தில் அதிகமாக நடமாடும். அதனால் இராத்திரியில் வந்து ரத்தம் எடுத்தார்கள். நகரில் 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோயை ஒடுக்கும் வேலை நடந்தது. கொசு ஆராய்ச்சி நிலையத்தார் தெருத் தெருவாக நடந்தார்கள். சொன்னார்கள். கேட்டார்கள். ஜனங்கள் விரலை நீட்டினார்கள்.

ஏன் நீட்டினார்கள்? தெரியாதவன் வந்து உடம்பைக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்?

இந்தக் கேள்வி புதிது அல்ல. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதர் இதற்காக இந்தியா முழுவதும் அலைந்தார். கல்லடி பட்டார். வெற்றி கண்டார். பிறகு பழி சுமந்தார். அவர் பெயர் வால்டிமர் ஹாப்கின். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பு ஊசி கண்டுபிடித்தவர்.

ஒடெசா சிறுவன்

ருஷியாவில் கருங்கடல் ஓரத்தில் ஒடெசா என்று ஒரு துறைமுகப் பட்டினம். இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அங்கே 1860 மார்ச்சு 15 அன்று ஹாப்கின் பிறந்தார். யூதக் குடும்பம்.

படிப்பில் கெட்டிக்காரர். ஒடெசா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் சாதாரணமானவர் அல்ல. மெட்ச்னிகாப் என்னும் பெரிய விஞ்ஞானி. பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர்.

அந்த நாளில் ருஷியாவை ஜார் மன்னர் ஆண்டார். யூதர்கள் வாழும் தெருக்களில் கும்பல் புகுந்து சூறையாடும். வீட்டை உடைக்கும். ஆளை அடிக்கும். இளைஞர் ஹாப்கின் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தற்காப்புக்காகத் திரண்ட கூட்டத்தில் சேர்ந்தார். அடிபட்டார். கைதானார். ஆசிரியர் மெட்ச்னிகாப் தலையிட்டுத்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்.

படிப்பு முடிந்தது. சர்வகலாசாலையில் வேலை வேண்டுமானால் மதம் மாற வேண்டும் என்றார்கள். ஹாப்கின் மாறவில்லை. அங்கே இருந்த காட்சிசாலையில் சிறிய வேலை பார்த்தார். 1888இல் ஊரை விட்டே புறப்பட்டார். முதலில் ஜெனீவா. அடுத்த ஆண்டு பாரிஸ்.

பாரிசில் லூயி பாஸ்டர் பெயரால் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. வெறிநாய்க் கடிக்கு மருந்து கண்ட அதே பாஸ்டர்தான். ஹாப்கினுக்கு அங்கே என்ன வேலை கிடைத்தது தெரியுமா? புத்தக சாலையில் உதவியாளர் வேலை! பகலில் புத்தகம் எடுத்துக் கொடுப்பார். ஓய்ந்த நேரத்தில் கிருமிகளோடு உட்காருவார்.

பிரெஞ்சுக்காரர் ஊர் அது. நம் புதுவையையும் அப்போது அவர்களே ஆண்டார்கள். இங்கே 1823லேயே மருத்துவப் பள்ளி வைத்தவர்கள் அவர்கள். அதன் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். பாரிஸ் என்றதும் பெரிய மருத்துவம் என்று நம் பாட்டன்மார் நினைத்ததில் தவறில்லை.

ஜூலை 18

காலரா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. வாந்திபேதி என்றால் பாட்டிமாருக்குத் தெரியும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இருக்கமாட்டார். உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வெளியேறிவிடும். அழுக்கான குடிநீரால் பரவும் நோய் அது.

ஹாப்கின் இந்தக் கிருமியைப் பிடித்தார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். சிலவற்றின் வீரியத்தைக் குறைத்தார். சிலவற்றின் வீரியத்தைக் கூட்டினார். முதலில் வீரியம் குறைந்தது ஓர் ஊசி. சில நாள் கழித்து வீரியம் கூடியது ஓர் ஊசி. முதல் ஊசி உடம்பைத் தயார் செய்யும். இரண்டாவது ஊசி காவலைப் பலப்படுத்தும். சீமைப் பெருச்சாளி, முயல், புறா ஆகியவற்றுக்குப் போட்டுப் பார்த்தார். அவை பிழைத்தன.

ஆனால் மனிதனுக்கு?

1892 ஜூலை 18. ஹாப்கின் வேறு யாரையும் கூப்பிடவில்லை. தன் உடம்பிலேயே ஊசியை ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது. வலித்தது. ஒவ்வொரு மணிக்கும் தம் உடம்பு எப்படி இருக்கிறது என்று குறித்து வைத்தார். சில நாள் கழித்து இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ருஷிய நண்பர்கள் மூவர் கையை நீட்டினார்கள்.

மருந்தைத் தம் சொந்த நாட்டுக்குத் தர முன்வந்தார். அங்கே அப்போது காலரா பல லட்சம் பேரை வாட்டியது. ஜார் அரசாங்கம் வேண்டாம் என்றது. ஊரை விட்டு ஓடிய யூதனின் மருந்து அல்லவா!

அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் டபரின் பிரபு. முன்பு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தவர். காலராவின் கொடுமையை நேரில் அறிந்தவர். இந்தியாவுக்குப் போகும்படி யோசனை சொன்னார். 1893 மார்ச்சில் ஹாப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார். வயது 33.

எதற்காகக் கூட்டம் வேண்டும்?

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் உடம்பில் போட்டுப் பார்த்தாகிவிட்டதே, அது போதாதா? போதாது.

பத்துப் பேருக்கு மருந்து கொடுத்தோம். பத்துப் பேருக்கும் நோய் வரவில்லை. மருந்தினால் வரவில்லையா? அல்லது அந்தத் தெருவில் நோயே வரவில்லையா? யார் சொல்வது? ஆகவே மருந்து போட்டவர்களும் வேண்டும். போடாதவர்களும் வேண்டும். இருவரும் ஒரே தெருவில் இருக்க வேண்டும். ஒரே குளத்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அதுவும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் பயனில்லை. பட்டாளத்துச் சிப்பாய் நன்றாகச் சாப்பிடுகிறவன். அவனிடம் பலித்த மருந்து, அரை வயிற்றுக் கூலிக்காரனிடமும் பலிக்குமா? ஆணிடம் பலித்தது பெண்ணிடமும் பலிக்குமா? எல்லா வகை மனிதரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு தொல்லை. ஊசி போட்டவரை விட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும். முதல் ஊசியில் காய்ச்சல் கண்டவர் இரண்டாவது ஊசிக்கு வருவாரா? பலர் வரவில்லை. சிப்பாய்களை வைத்துக் கணக்குப் பார்க்கலாம் என்றால், பட்டாளத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். எழுதி வைத்த கணக்கு வீணாகும்.

ஹாப்கின் வடஇந்தியாவில் ஊர் ஊராகப் போனார். ஆக்ராவில் தொடங்கினார். இரண்டரை ஆண்டுக்குள் 42 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார். சம்மதித்தவர்களுக்கு மட்டும் போடுவது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. ஆனால் மனதுக்குத் திருப்தியான கணக்கு கிடைக்கவில்லை. ஆட்கள் சிதறிப் போனார்கள்.

ஒரே இடத்தில் நிலையாக இருக்கிற ஏழை ஜனங்கள் வேண்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

கல் பறந்தது

கல்கத்தாவில் குடிசைகள் நெருங்கிய பகுதிகளைப் பஸ்தி என்பார்கள். நடுவில் ஒரு குளம் இருக்கும். குளிப்பது அதில். பாத்திரம் கழுவுவது அதில். குடிப்பதும் அதில்தான். காலராவுக்கு வேறு என்ன வேண்டும்?

1894 மார்ச்சு. கல்கத்தா நகர சுகாதார அதிகாரி டாக்டர் சிம்சன், குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஹாப்கினை அழைத்தார். பார்க்கப் போனவர் கையோடு ஊசியும் கொண்டுபோனார்.

வெள்ளைக்காரன் ஊசியோடு வருகிறான் என்றதும் பஸ்தியில் பீதி கிளம்பியது. கூட்டம் கூடிவிட்டது. கல் பறந்தது. கொண்டுபோன கண்ணாடிச் சாமான்கள் உடைந்தன.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் ஓடியிருப்பார்கள். ஹாப்கின் இரண்டும் செய்யவில்லை. சட்டையைத் தூக்கினார். உடன் வந்த டாக்டரை அந்தக் கூட்டத்தின் முன்னாலேயே தமக்கு ஊசி போடச் சொன்னார். ஊசி இறங்கியதைக் கூட்டம் பார்த்தது. ஆள் விழவில்லை. கூட்டம் மெல்ல அடங்கியது.

அவருடன் வந்தவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். சௌதுரி, கோஷ், சட்டர்ஜி, தத் ஆகிய வங்காளி டாக்டர்கள். அந்த ஜனங்களின் பாஷை பேசுகிறவர்கள். ஹாப்கின் மட்டும் தனியாகப் போயிருந்தால், நூறு தடவை குத்திக்கொண்டாலும் ஒரு குடிசைக் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகமே. மருந்து பாரிசிலிருந்து வந்தது. நம்பிக்கை இந்த நால்வர் வாயிலிருந்து வந்தது. வெளிநாட்டுப் புத்தகங்கள் இவர்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. அது நியாயம் இல்லை.

கட்டல் பகான் என்ற பஸ்தியில் சுமார் 200 பேர் இருந்தார்கள். அங்கே காலரா ஏற்கெனவே உயிர் குடிக்கத் தொடங்கியிருந்தது. 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

பிறகு காலரா திரும்ப வந்தது. பத்துப் பேருக்குக் கண்டது. ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்!

நகரசபைக்குச் செய்தி எட்டியது. மற்றப் பஸ்திகளில் ஊசி போடப் பணம் கொடுத்தார்கள். ஊசி போட்டவர் பெயரும் வீடும் எழுதிக்கொள்ளப்பட்டன. அந்த வீட்டில் பிறகு யாருக்கு நோய் வந்தாலும் போய்ப் பார்த்தார்கள். போட்டவரா, போடாதவரா என்று குறித்தார்கள். ஓராண்டுக்கு மேல் ஆனால் ஊசியின் பலன் குறைந்துபோகிறது என்பதும் இப்படித் தொடர்ந்து பார்த்ததால்தான் தெரிந்தது. அந்தக் குறையை அவர் மறைக்கவில்லை.

நெய்யும் ஆட்டிறைச்சியும்

1895இல் ஹாப்கினுக்கு மலேரியா கண்டது. ஐரோப்பாவுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு 1896இல் திரும்பினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பம்பாயில் பிளேக் தோன்றியது. எலி செத்து விழும். பிறகு வீட்டில் ஆள் சாவார். சர்க்கார் ஹாப்கினை அவசரமாகப் பம்பாய்க்கு அனுப்பியது.

கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் நடையும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். இரவு பகலாக உழைத்தார். மூன்று மாதத்தில் மருந்து தயார்.

மருந்து தயாரிக்கக் கிருமியை ஒரு கஷாயத்தில் வளர்க்க வேண்டும். இறைச்சிச் சாறுதான் வழக்கம். எந்த இறைச்சி? மாடு என்றால் இந்துக்கள் தொடமாட்டார்கள். பன்றி என்றால் முஸ்லிம்கள் தொடமாட்டார்கள். ஹாப்கின் ஆட்டிறைச்சியை எடுத்துக்கொண்டார். மேலே நெய்யை மிதக்கவிட்டார். நெய்த் துளிகளைப் பிடித்துக்கொண்டு கிருமி விழுதுவிழுதாகக் கீழே தொங்கி வளர்ந்தது. தம் ஊரில் மதத்தின் பேரால் அடிபட்டவர் அவர். பிறர் மதத்தைத் தொடும் இடத்தில் கவனமாக இருந்தார்.

1897 ஜனவரி 10. மறுபடியும் தன் உடம்பு! பிறருக்குப் போடும் அளவைவிட நான்கு மடங்கு மருந்தை ஏற்றிக்கொண்டார். கடுமையான காய்ச்சல் அடித்தது. எழுந்து வேலைக்குப் போனார்.

அந்த மாதக் கடைசியில் பைகல்லா ஜெயிலில் பிளேக் புகுந்தது. கைதிகளில் விரும்பியவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் முன்வந்தார்கள். ஊசி போட்டுக்கொள்ளாதவர்களிடையேதான் நோயும் சாவும் அதிகமாக இருந்தன. சரி. ஆனால் ஜெயிலில் இருப்பவன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? விரும்பி வந்தானா, பயந்து வந்தானா? அந்தக் காலத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் கட்டாயம் கேட்பார்கள்.

அதே நேரத்தில் சர்க்கார் வேறு ஒரு வழியில் போனது. பிளேக்கைத் தடுக்கிறோம் என்று சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள். பூஜை அறைக்குள் நுழைந்தார்கள். பெண்களை நடுத்தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். நோயாளியை இழுத்துப் போனார்கள். ஜனங்கள் நோயாளியை ஒளித்து வைத்தார்கள். புனாவில் ஆத்திரம் முற்றியது. 1897 ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். சாபேகர் சகோதரர்கள் தூக்குமேடை ஏறினார்கள்.

ஒரே நோய். ஒரே ஜனங்கள். ஒரு பக்கம் துப்பாக்கி. இன்னொரு பக்கம் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் டாக்டர்.

ஆகாகான் கையை நீட்டினார்

பம்பாயில் கோஜா முஸ்லிம்கள் பெருந்திரளாக வாழ்ந்தார்கள். அவர்கள் தலைவர் ஆகாகான். அப்போது அவருக்கு வயது 20கூட நிரம்பவில்லை. ஹாப்கினின் மருந்தைப் பற்றிக் கேட்டறிந்தார். தம் மக்கள் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஒரு தடவை அல்ல, பல தடவை. கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆய்வுக்கூடத்துக்குத் தம் பங்களா ஒன்றையும் ஆகாகான் கொடுத்தார்.

போர்த்துகீசியர் ஆண்ட டாமனிலும் பிளேக் பரவியது. நம் புதுவையைப் போலவே பிரிட்டிஷ் இந்தியாவுக்கு நடுவே தனித்திருந்த சின்னப் பட்டினம். அங்கே ஊசி போட்டுக்கொண்டவர் 2,197 பேர். அவர்களில் இறந்தவர் 36. போட்டுக்கொள்ளாதவர் 6,033 பேர். இறந்தவர் 1,482. நாலில் ஒருவர்!

கர்நாடகத்தில் ஹூப்ளியில் 1898இல் பல்லாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். அங்கே இன்னொரு காரணமும் உண்டு. ஊசி போட்டவருக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அது இருந்தால் தனி முகாமில் அடைக்கமாட்டார்கள். ரயிலில் இறக்கி விடமாட்டார்கள். ஊசியை நம்பி வந்தவர் எத்தனை பேர், முகாமுக்குப் பயந்து வந்தவர் எத்தனை பேர்? இதுவும் யோசிக்க வேண்டியதுதான்.

வீட்டில் பாதிப் பேர்

ஹாப்கின் செய்தவற்றுள் ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் பேசுவது உந்தேரா என்ற கிராமத்தில் நடந்ததை. பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். 1898 பிப்ரவரியில் அங்கே பிளேக் இருந்தது.

ஊரார் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி என்று ஒவ்வொரு குடும்பமும் வரிசையாக நின்றது. ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப் பேருக்கு ஊசி. மீதிப் பாதிக்கு இல்லை. ஒரே கூரை. ஒரே அடுப்பு. ஒரே எலி. இதைவிடச் சரியான தராசு கிடையாது.

சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். நோய் புகுந்த குடும்பங்கள் 28. அந்தக் குடும்பங்களில் ஊசி போட்டவர்கள் 71 பேர். அவர்களில் எட்டுப் பேருக்கு நோய் கண்டது. மூவர் இறந்தார்கள். ஊசி போடாதவர்கள் 64 பேர். இவர்களில் 27 பேருக்கு நோய் கண்டது. 26 பேர் இறந்தார்கள்.

இந்தக் கணக்கைப் படிக்கும்போது கை தட்டத் தோன்றவில்லை. ஒரு தாய் ஊசி போட்டுக்கொண்டு பிழைத்திருப்பாள். பக்கத்தில் நின்ற மகன் போயிருப்பான். இல்லையென்றால் மாறி நடந்திருக்கும். மருந்து பலிக்கும் என்று ஏற்கெனவே ஓரளவு தெரிந்தபின் பாதிப் பேரை விட்டுவைக்கலாமா? இப்போதைய விதிகளின்படி இப்படி ஒரு சோதனை நடத்த அனுமதி கிடைப்பது கஷ்டம். ஆனால் ஒன்று. பல லட்சம் பேருக்கு இந்த ஊசியைத் தைரியமாகப் போட வழி திறந்தது இந்த 135 பேரின் கணக்கும்தான். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

53 என் புட்டி

1899இல் ஹாப்கின் புகழின் உச்சியில் இருந்தார். பம்பாய் பரேலில் பழைய கவர்னர் மாளிகையையே ஆய்வுக்கூடமாகக் கொடுத்தார்கள். அங்கிருந்து மருந்து புட்டி புட்டியாக நாடெங்கும் போனது.

1902இல் பஞ்சாபில் பல லட்சம் பேருக்கு ஊசி போடத் திட்டம் வகுத்தார்கள். அவசரமாகப் பெருமளவு மருந்து தேவைப்பட்டது. அக்டோபர் 30 அன்று முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஐந்து புட்டி மருந்து செலவானது. அவற்றில் ஒரு புட்டியின் அடையாளம் 53 என்.

ஒரு வாரத்தில் சிலருக்குத் தாடை இறுகியது. உடம்பு வில்லாக வளைந்தது. தனுர்வாதம்! ஜன்னி கண்டு 19 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் 53 என் புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

பஞ்சாப் நடுங்கியது. ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் விலகினார்கள். பத்து வருஷம் ஊர் ஊராக நடந்து சேர்த்த நம்பிக்கை ஒரு புட்டியில் கரைந்தது. பிளேக்கோ நிற்கவில்லை. நாடு முழுவதும் அது தணிவதற்குள் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

குற்றவாளி யார்? விசாரணைக் குழு அமைத்தார்கள். பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே புட்டி கெட்டிருக்க வேண்டும் என்று குழு சொன்னது. மருந்தில் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைச் சேர்க்கும் பழைய முறையை ஹாப்கின் மாற்றியிருந்தார். சூடு காட்டிக் கொல்லும் முறையைக் கையாண்டார். அது பாரிஸ் நிலையத்தில் ஏற்ற முறைதான். ஆனால் மாற்றியவர் அவர். ஆகவே பழி அவர் தலையில் விழுந்தது. பதவி போனது. 1904இல் லண்டனுக்குப் போனார்.

அங்கே நடந்தது என்ன? ஊசி போடும் இடத்தில் புட்டியைத் திறந்த இடுக்கி கைதவறித் தரையில் விழுந்தது. தரை மண்ணில் தனுர்வாதக் கிருமி இருக்கும். இடுக்கியை முறைப்படி சுத்தம் செய்யாமல் லேசாக மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் புட்டியைத் திறந்திருக்கிறார்கள். புட்டி பம்பாயிலேயே கெட்டிருந்தால் திறந்தபோது துர்நாற்றம் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிரூபித்த ரொனால்டு ராஸ் இதைக் கையில் எடுத்தார். கல்கத்தா சிம்சனும் சேர்ந்தார். பத்து விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கடிதம் 1907 ஜூலை 29 லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. நவம்பரில் ஹாப்கின்மீது இருந்த பழி நீங்கியது.

பிரான்சில் டிரைபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைத் துரோகி என்று தீவாந்தரம் அனுப்பிவிட்டு, பிறகு குற்றமற்றவர் என்று விடுவித்த கதையைப் புதுவையின் பழைய பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்தவர்கள் அறிவார்கள். டிரைபஸ் விடுதலை பெற்றது 1906. ஹாப்கின் விஷயத்தை ஒரு குட்டி டிரைபஸ் வழக்கு என்றே சிலர் சொன்னார்கள்.

திரும்பி வந்தார். ஆனால் பம்பாய் இல்லை. கல்கத்தாவில் ஒரு வேலை. ஜனங்களிடம் மருந்து சோதிக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ஊர் ஊராக நடந்த கால்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1914இல் ஓய்வு பெற்றார்.

மறுபடி கல்கத்தா

ஹாப்கின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரான்சில் தங்கினார். கடைசியில் சுவிட்சர்லாந்தில் லோசான் நகருக்குப் போனார். 1930 அக்டோபர் 26 அன்று அங்கே காலமானார். சேர்த்த பணத்தை யூதப் பாடசாலைகளுக்கு எழுதி வைத்திருந்தார்.

அவர் உயிரோடு இருக்கும்போதே, 1925இல், பரேல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்றும் அது ஹாப்கின் நிலையம்தான். 1964இல் இந்திய சர்க்கார் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது.

இந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதிக்க ஆள் சேர்த்தால், என்ன மருந்து, என்ன ஆபத்து என்று அவரவர் பாஷையில் எழுதிக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் கைநாட்டு. நடுவில் வேண்டாம் என்று விலகலாம். அதனால் வழக்கமான வைத்தியம் நிற்காது. ஜிப்மரானாலும் சென்னையானாலும் இதே விதிதான்.

ஹாப்கினின் பழைய காலரா ஊசி இப்போது வழக்கத்தில் இல்லை. அதன் காவல் கொஞ்ச காலமே நின்றது. புதிய மருந்து வந்தது. அதையும் ஜனங்களிடம் போட்டுப் பார்க்க வேண்டுமே! எங்கே பார்த்தார்கள் தெரியுமா? 2006இல் அதே கல்கத்தாவில். அதே பஸ்திகளில்.

முதலில் வீடு வீடாகப் போய்க் குடித்தனக்காரர்களைக் கணக்கெடுத்தார்கள். குழந்தை முதல் கிழவர் வரை 66 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். சிலருக்கு மருந்து. சிலருக்கு மருந்து போலவே தோன்றும் வேறொன்று. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. இரண்டு வேளை, பதினான்கு நாள் இடைவெளி. ஐந்து ஆண்டு விடாமல் கவனித்தார்கள். காலரா வரக்கூடிய நூறு பேரில் சுமார் 65 பேரை மருந்து காப்பாற்றியது என்று கணக்கு வந்தது.

இந்தத் தடவை ஊசி இல்லை. வாயில் ஊற்றும் சொட்டு மருந்து.